பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் ஓர் அறை

அன்புத் தம்பிக்கு,

உன் அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, பிள்ளைகள், மாப்பிள்ளை அனைவரும் சுகம். கட்டடமும் ஜன்னல் மட்டம்வரை வளர்ந்து சுகமாகவே இருக்கிறது. அங்கே நீயும், உன் கப்பலும், கப்பலின் இயந்திரங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொருள்: குடும்ப இல்லம் – இளைய சகோதரருக்கு அறை ஒதுக்கீடு செய்தல் – தொடர்பாக.
பார்வை: துறைமுகத்திலிருந்து வந்த உனது ஒரு வரிக் கடிதம்.

உன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. நலம் விசாரித்தது போக அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "அண்ணே, இன்னும் மூணு மாசத்துல கப்பல விட்டு ஒரேயடியா எறங்கிடுவேன், வீட்டுல என் ரூம் எந்தப் பக்கம் வருது?" ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் நாலு மாதத்துக்கு முன்னால் இதற்கு ஒரு பதில் இருந்தது, பிறகு அது வேறொரு பதிலாக மாறியது, கடைசியில் பதிலே இல்லாமல் போய்விட்டது. போனில் சொல்லிவிடுங்களேன் என்றாள் உன் அண்ணி. வாயால் சொன்னதற்கு ஆதாரம் ஏது? அச்சிட்ட படிவங்கள் தயாரிக்கும் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஆகவே எல்லாவற்றையும் எழுத்து மூலமாகவே தெரிவிக்கிறேன். நிதானமாகப் படி. முடிந்தால் உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் நிலத்தின் கதை. நம் அப்பா தன் கைப்பட எழுதிவைத்த தாளின்படி வலது பாதி எனக்கு, இடது பாதி உனக்கு. பின்னால் இருக்கும் கிணறு இருவருக்கும் பொது. அப்பா எதையும் வளவளவென்று எழுதுகிறவர் என்பது உனக்குத் தெரியும். மூன்று வாக்கியத்தில் முடிய வேண்டியதை ஒன்றரைப் பக்கத்துக்கு இழுத்திருந்தார். நான் அதைச் சுருக்கி, வரிசை எண் கொடுத்து, சுத்தமாக ஒரு நகல் எடுத்து, அதைத்தான் இத்தனை காலமும் பயன்படுத்தி வருகிறேன். என் பாதி சமதளம். நல்ல மண். ஓரமாக ஒரு பெரிய மரம், அதன் நிழல் பிற்பகல் முழுவதும் விழும். உன் பாதியைப் பற்றி நான் சொல்லித்தான் நீ அறிய வேண்டும் என்பதில்லை. பாறை, முள், நடுவே ஒரு பள்ளம். சின்னவனுக்கு இப்படி எழுதிவிட்டாரே என்று நான் பலமுறை வருந்தியது உண்டு. இருந்தாலும் அப்பா எழுதியதை மாற்ற நான் யார்? அந்த வருத்தத்தில்தான், என் பாதியில் எல்லோருக்குமாக ஒரே வீடு கட்டலாம் என்று முடிவு செய்தேன். நீயும் அன்று போனில், "எனக்குன்னு தனியா வீடெல்லாம் எதுக்குண்ணே, உங்க வீட்டுல ஒரு ரூம் இருந்தாப் போதும்" என்றாய். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, மரத்தைப் பார்த்த ஜன்னலோடு, என்று அப்போதே உனக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்ததை நான் மறுக்கவில்லை.

வீடு கட்டுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, எடுத்தவுடன் செங்கல் வாங்குவது. நான் அப்படிச் செய்யவில்லை. ‘குடும்ப இல்லத் தேவைகள் அறிவிப்புப் படிவம்’ என்று நான்கு பக்கத்தில் ஒன்றைத் தயாரித்தேன். விண்ணப்பதாரர் பெயர், குடும்பத் தலைவருக்கு உறவு முறை, கோரும் அறை, அறையின் அளவு, கோருவதற்கான காரணம், கடைசியில் உறுதிமொழி. ஆளுக்கு இரண்டு பிரதிகள். பதினைந்து நாட்களுக்குள் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அருகில் கையொப்பம் இட வேண்டும். உன் அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டுக்குள்ள என்னங்க இதெல்லாம் என்று கேட்டாள். இப்படிச் செய்தால்தான் பின்னால் யாரும் வந்து எனக்கு அது இல்லை, இது இல்லை என்று சண்டைக்கு நிற்க முடியாது என்று விளக்கினேன். பேனா கேட்டாள்.

தம்பி, மனிதர்களை அறிய வேண்டுமானால் அவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுக்க வேண்டும். என் மகள், வழக்கமாக வருடத்துக்குப் பத்து நாள் விடுமுறைக்கு வந்து போகிறவள், வீட்டுப் பேச்சு எழுந்ததிலிருந்து மாப்பிள்ளையோடு இங்கேயே இருப்பவள், இடம் போதாமல் மூன்று தாள்களை இணைத்துக் கொடுத்தாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கீழே ஒரு அறை, குழந்தைகளுக்கு மாடியில் ஒரு அறை, குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டால் பிரித்து வைக்க இன்னொரு அறை. என் மகன் படிவத்தையே நிரப்பவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து கொடுத்தான். அதில் ஹாலின் ரோட்டுப் பக்கம் முழுவதும் கண்ணாடி. சுவர் எங்கேடா என்றால், இப்போதெல்லாம் யாரும் சுவர் வைப்பதில்லை என்கிறான். மாப்பிள்ளை எல்லாக் கட்டங்களிலும் ‘தேவை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். மறுநாள் மகள் வந்து, அவருக்குப் பொதுக் குளியலறையில் குளித்துப் பழக்கம் இல்லை, வாய் திறந்து கேட்கமாட்டார், நாமாகப் பார்த்துச் செய்தால் உண்டு என்றாள். எழுத்தில் ஒன்றும் கேட்காதவரிடம்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

உன் அண்ணியின் படிவத்தில் இரண்டே வரிகள். கோரும் அறை என்ற இடத்தில், ‘சமையலறையில் ரோடு தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல்’. பிற விவரங்கள் என்ற இடத்தில், ‘தம்பிக்கு ஒரு அறை’. முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதை, ஒருவர் சார்பில் இன்னொருவர் விண்ணப்பிக்க அதிகாரக் கடிதம் தேவை என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டேன். இதில் உன்மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. உனக்கும் இரண்டு பிரதிகள் அனுப்பினேன். அவை உன் கப்பலைத் துரத்திக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போய், ஒன்பது முத்திரைகளோடு என்னிடமே திரும்பி வந்தன. அவை திரும்புவதற்கு முன்பே கடைசித் தேதி முடிந்துவிட்டது. தம்பி என்ற முறையில் உனக்கு மட்டும் ஒரு வாரம் சலுகை கொடுத்து, அந்த வாரம் முழுக்க வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பமே இல்லாவிட்டாலும், வாக்குக் கொடுத்ததற்காகப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டை வரைபடத்தில் பென்சிலால் போட்டு வைத்தேன். பென்சில் என்பதைக் கவனத்தில் கொள்.

அடுத்து மேஸ்திரி வந்தார். நல்ல வேலைக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தாளில் வரைந்தால் யாருக்கும் அளவு புரியாது, தரையிலேயே முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறேன், வீட்டுக்காரர்கள் ஒரு நாள் உள்ளே நடமாடிப் பார்க்கட்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு, பாயெல்லாம் எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு போய் அந்தக் கோடுகளுக்குள் குடியேறினோம். காலை பத்து மணிவரை சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தது. பதினோரு மணிக்கு மாப்பிள்ளை யோசனை இல்லாமல் ஹாலிலிருந்து நேராக எங்கள் அறைக்குள் நடந்து வந்துவிட்டார். கதவு அந்தப் பக்கம் இருக்க, சுவர் வழியாக. இப்படித் திடுதிப்பென்று வரலாமா என்று நான் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவுக்கு என் வீட்டுக்காரரைக் கண்டாலே ஆகாது என்று மகள் தன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். சமாதானப்படுத்தப் போனேன், கதவைச் சாத்தியிருக்கிறேன் என்றாள். வெட்டவெளியில், ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். அந்தப் பக்கமாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்ன ஐயா தொலைந்துபோச்சு என்று விசாரித்தார். அவருடைய ஆடுகளில் இரண்டு மாப்பிள்ளைக்கென்று உத்தேசித்திருந்த குளியலறைக்குள் நின்றிருந்தன. மாப்பிள்ளை அவற்றைத் துரத்தவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிற்பகலில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வெளிப்பட்டது. மகன் மாடியில் தன் அறை எப்படி இருக்கும் என்று கையை ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி, மேல எப்படி ஏறிப் போவீங்க?" என்று கேட்டார். வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். படிக்கட்டு இல்லை. ஏன் இல்லை என்றால், யாருடைய படிவத்திலும் படிக்கட்டு கேட்கப்படவில்லை. எல்லோருக்கும் மாடி வேண்டியிருந்தது, யாருக்கும் படி வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் படிவத்தின் குறை என்று சொல்ல முடியாது, நிரப்பியவர்களின் குறை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இங்கேதான் உன் அறையின் கதை தொடங்குகிறது. மனதைத் திடப்படுத்திக்கொள். ஏற்கெனவே காலையில், மகளின் அறையில் துணி அலமாரிக்கு இடம் போதாமல் உன் பக்கத்திலிருந்து இரண்டடி எடுத்திருந்தோம். ஆக, பத்துக்குப் பன்னிரண்டு. படிக்கட்டுக்கு நாலடி வேண்டும் என்றதும் எல்லோருமே தத்தம் கோட்டின்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றார்கள். உன் கோட்டின்மேல் நிற்கத்தான் ஆள் இல்லை. பத்துக்கு எட்டு. மறுநாள், மாப்பிள்ளை மூன்று வேளையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் அழுததில் குளியலறை உறுதியானது, அதற்கு நாலடி. ஆறுக்கு எட்டு. இந்த இடத்தில் நான் உண்மையில் சந்தோஷப்பட்டேன், தம்பி. கப்பலில் உன் அறை ஆறுக்கு எட்டு என்று நீதான் ஒருமுறை எழுதியிருந்தாய். இருபத்தாறு வருடம் பழகிய அளவு. இறங்கி வந்தபிறகும் உனக்கு வித்தியாசமே தெரியாது என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவினாள். வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். அனுமதிக்காக ஒரு இன்ஜினியரிடம் வரைபடத்தைக் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளே எந்த வழியாகப் போவீர்கள் என்று கேட்டார். தலைவாசலையும் யாரும் கோரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து எல்லோரையும் கூட்டினேன். மகன் கண்ணாடியில் கதவு வைக்க மாட்டேன் என்றான். மகள் தன் அறை வழியாக ஊரே நடக்க முடியாது என்றாள். சமையலறை வழியாக வைத்தால் ஜன்னல் போய்விடும். மாப்பிள்ளை தனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று சொல்லிவிட்டுக் குளியலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, வழிவிட மிச்சம் இருந்தது உன் அறைதான். நடுவே மூன்றடிக்கு நடை போட்டதில், மீதி மூன்றுக்கு எட்டு. மேஸ்திரி அதற்குள் நின்று, பிறகு உட்கார்ந்து, பிறகு மெனக்கெட்டுப் படுத்தும் பார்த்தார். படுக்கலாம், திரும்பிப் படுக்க முடியாது என்றார். கதவை உள்பக்கம் திறந்தால் ஆள் நுழைய முடியாது, வெளிப்பக்கம் திறந்தால் தலைவாசலை மறைக்கும். கதவே இல்லாவிட்டால் என்ன என்றேன். கதவும் இல்லாமல், ஜன்னலும் இல்லாமல் இருப்பதற்கு வேறு பெயர் ஐயா என்றார். கடைசியாகக் கையெழுத்தான வரைபடத்தில் அது ‘துடைப்பம் மற்றும் தட்டுமுட்டுச் சாமான்கள்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

உன் அண்ணி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ரூம் இருக்கு. இங்கயே இருக்கப் போறவரு எங்க படுப்பாரு?" என்று கேட்டாள். ஹாலில் ஒரு மடக்குக் கட்டில் போடலாம், காலை ஆறு மணிக்கு மடக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றேன். ஹாலின் முன்பக்கம்தான் முழுக்கக் கண்ணாடி என்பதை அவள் நினைவூட்டினாள். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் நீ தூங்குவது தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் என்னைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. சமையலறையிலிருந்து நாலடி எடுத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் இல்லாவிட்டால் பரவாயில்லை, தம்பி அறையை மறுபடி போடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அதை மட்டும் நான் ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், அதன்பிறகு நீ என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் ஒன்பது வாடகை வீடுகள் மாறியிருக்கிறோம். ஒன்பதிலும் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவறைச் சுவர், அல்லது ஜன்னலே கிடையாது. நான் படிவங்களைப் பற்றி யோசித்துக்கொண்டு அலுவலகம் போய்விட்டேன்; அவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சமைத்தாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன வாரம் சமையலறை ஜன்னலுக்கு மரச்சட்டம் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் அவள் அங்கே போய், கூரையில்லாத அந்த அறைக்குள் நின்று, சட்டத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிற வருகிறவர்களைப் பார்க்கிறாள். நானும் எதிரே ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து அவளைப் பார்க்கிறேன். தம்பி, பதவி உயர்வு வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. இதில் ஓர் அங்குலம் குறைக்கச் சொன்னாலும் என்னால் முடியாது. உனக்காகக்கூட முடியாது.

எனவே, மேற்கண்ட சூழ்நிலைகளை முழுமையாகப் பரிசீலித்ததில், குடும்ப இல்லத்தில் உனக்கு அறை ஒதுக்க இயலாத நிலை ஏற்பட்டுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் உன்னை நட்டாற்றில் விட்டுவிட்டதாக நினைக்காதே. உன் பாதி நிலம் எங்கேயும் போய்விடவில்லை, அப்படியே இருக்கிறது. பாறைமேல் கட்டினால் அஸ்திவாரமே தேவையில்லை என்று மேஸ்திரி சொல்கிறார். அந்தப் பள்ளத்தைப் பற்றியும் கவலைப்படாதே. இங்கே தோண்டிய மண், உடைந்த செங்கல், கலவை மிச்சம் எல்லாவற்றையும் உன் பக்கம் கொட்டச் சொல்லி, எழுபது வண்டிபோல நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் என்ற முறையில் செய்தது, நன்றியெல்லாம் வேண்டாம். ஒன்றே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீ வீடு கட்டும்போது தெரியாமல் என் பக்கம் ஓரடி தள்ளி வந்துவிடக் கூடாது. பாசம் வேறு, எல்லை வேறு. அதனால் நாளைக் காலையில் சர்வேயரை வரச்சொல்லி, அளந்து, கல் நட்டு, கம்பி வேலி போட ஏற்பாடு செய்திருக்கிறேன். பிற்காலத்தில் நமக்குள் மனவருத்தம் வராமல் இருக்க இது நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள். இயந்திர அறைச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடி. உன் அண்ணி உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். வேறு சிலவும் சொன்னாள், அவை எனக்கானவை. பிள்ளைகள் சித்தப்பாவை விசாரித்தார்கள். எல்லா நலமும் பெற்று, நீண்ட ஆயுளோடு, உனக்கென்று ஒரு வீட்டில் நீ வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அன்பு அண்ணன்.

பின்குறிப்பு:

தபாலில் சேர்ப்பதற்குள் சர்வேயர் வந்துவிட்டார். கையில் சங்கிலியும் வரைபடமுமாக நிலத்தைச் சுற்றி வந்தவர், கட்டடத்தைப் பார்த்து, உங்க தம்பி நல்லா வேகமாகக் கட்டறாரே என்றார். இது தம்பியுடையது இல்லை, என்னுடையது என்றேன். என் நகலைக் காட்டினேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை. அப்பா எழுதிய மூலத் தாளைக் கேட்டார். பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். ‘கிணற்றுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நிற்கும்போது’ என்று தொடங்குகிறது அது. நகல் எடுத்த அன்று அந்த வரியை நான் தேவையற்ற வர்ணனை என்று நீக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் எப்போதும் ரோட்டிலிருந்து உள்ளே வருகிறவன், கிணற்றைப் பார்த்துத்தான் நிற்பேன். சர்வேயர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். "இப்ப உங்க வலது கைய நீட்டுங்க சார்" என்றார். நீட்டினேன். பாறையும் முள்ளும் எழுபது வண்டி மண்ணும் தெரிந்தன.

வீடு இருப்பது உன் நிலத்தில், தம்பி. மரமும் உன்னுடையது.

மாப்பிள்ளை தனக்குத் தேவை எதுவும் இல்லை என்று மறுபடியும் சொல்லிவிட்டு, இந்த முறை உண்மையாகவே மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். மகன் பாறையைச் சுற்றி வந்து, இங்கேயும் கண்ணாடி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். மேஸ்திரி கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். ஓனர் சொல்லாமல் இனி ஒரு கல் வைக்க மாட்டாராம், மழையில் கெடாமல் மரச்சட்டங்களையும் கழற்றி வைத்துவிடுவாராம். நாலு மாதமாக நான்தான் ஓனர் என்று நினைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கடிதம் எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணி விடவில்லை. ஒரு வரி விடாமல் முழுவதையும் உனக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஜன்னல் சட்டத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு ஒரு ரூம் போடுங்கன்னு நாலு மாசமா நான் உங்கள கேட்டேன். இப்ப அவரு வீட்டுல நமக்கு ஒரு ரூம் கெடைக்குமான்னு நீங்க எழுதிக் கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன், தம்பி. எந்த அளவாக இருந்தாலும் எனக்குச் சரி. உன் பதில் வரும்வரை சமையலறை ஜன்னலை மட்டும் கழற்ற வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். அதையும் நீதான் எழுத்து மூலமாகச் சொல்ல வேண்டுமாம்.